விரலுக்கு இணங்கும் தாழ்

விமானம் தரையிறங்கப் போகிறது. "இருக்கைப் பட்டையை அணிந்துகொள்ளுங்கள், உணவு மேசையை மடித்துத் தாழிடுங்கள்" என்று அறிவிப்பு வருகிறது. பயணி ஒருவர் முன்னிருக்கையின் முதுகுப்புறத்தில் உள்ள சிறு மேசையை மடித்துச் சாத்துகிறார். அதன் மேல்விளிம்புக்கு அருகே கட்டைவிரல் அளவில் ஒரு துண்டு இருக்கிறது. அதைக் கால் சுற்று திருப்புகிறார். 'டக்' என்று ஓர் ஓசை. வேலை முடிந்தது.

அதே நேரத்தில் பணிப்பெண்கள் தலைக்கு மேலுள்ள பொருட்பெட்டிகளின் மூடிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். பின்னால் உணவறையில் தள்ளுவண்டிகளை அவற்றின் மாடத்திற்குள் தள்ளி, சிறு சிறு தாழ்களைத் திருப்பி விடுகிறார்கள். ஒரு பயணிகள் விமானத்திற்குள் இப்படி நூற்றுக்கணக்கான தாழ்கள் உண்டு. பெரும்பாலும் அவை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். யாரும் அவற்றை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

ஆனால் அந்தச் சின்னத் தாழை உருவாக்கும் பொறியாளருக்கு இடப்பட்ட கட்டளைகளைக் கேளுங்கள். ஒரு குழந்தையும் முதியவரும் ஒரு விரலால் திறக்க வேண்டும். விமானம் எவ்வளவு குலுங்கினாலும், தரையில் மோதினாலும் அது தானாகத் திறக்கக் கூடாது. இடம் அடைக்கக் கூடாது. எடை கூடக் கூடாது. பல ஆயிரம் முறை திறந்து மூடினாலும் தளரக் கூடாது.

எளிதில் திறக்கவும் வேண்டும், திறக்கவும் கூடாது! இந்த முரண்பாட்டை எவ்வாறு தீர்ப்பது? "உறுதியான உலோகத்தில் தடிமனாகச் செய்தால் போகிறது" என்று நீங்கள் சொல்லக்கூடும். என் வகுப்பிலும் முதலில் வரும் விடை அதுதான். உண்மையான விடை தடிமனில் இல்லை. நீங்கள் பள்ளியில் படிக்கும் திருப்புத்திறன் பாடத்தில் இருக்கிறது.

ஒன்பது மடங்கு எடை

முதலில் தாழ் எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும் என்று பார்ப்போம்.

ஓடும் பேருந்தில் ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம். நிலைமம் காரணமாக நம் உடல் பழைய வேகத்திலேயே செல்ல முயல்கிறது. விமானமும் அப்படித்தான். வழக்கமான தரையிறக்கத்தில் வினாடிக்கு 70 மீட்டர் வேகத்தில் ஓடுபாதையைத் தொட்டு, 1,500 மீட்டர் ஓடி நிற்கிறது என்று கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தைத் தொலைவின் இரு மடங்கால் வகுத்தால் எதிர்முடுக்கம் கிடைக்கும். விடை ஏறத்தாழ 1.6 மீட்டர்/வினாடி². ஈர்ப்பு முடுக்கத்தில் இது ஆறில் ஒரு பங்கு மட்டுமே. இதற்கு எந்தத் தாழும் அஞ்ச வேண்டியதில்லை.

இப்போது விபத்தை எண்ணிப் பாருங்கள். வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் ஏதோ ஒன்றில் மோதி 9 மீட்டர் தொலைவுக்குள் நின்றுவிடுகிறது. அதே கணக்கைப் போடுங்கள். எதிர்முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தைப் போல் 9 மடங்கு வரும். இதைப் பொறியாளர்கள் '9 ஜி' என்பார்கள்.

இந்த எண்ணை நான் வேண்டுமென்றே எடுத்தேன். பெரிய பயணிகள் விமானங்களுக்கான அமெரிக்க விதிகளில், அவசரத் தரையிறக்கத்தின்போது அறைக்குள் இருக்கும் பொருள்கள் பிய்த்துக்கொண்டு பயணிகள் மீது பாயாமல் தாங்க வேண்டிய அளவு திசைவாரியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. முன்னோக்கி 9 ஜி, கீழ்நோக்கி 6 ஜி, மேல்நோக்கி 3 ஜி, பக்கவாட்டில் 3 ஜி, பின்னோக்கி 1.5 ஜி. இருக்கைகளுக்குப் பக்கவாட்டில் மட்டும் 4 ஜி. அதோடு 1988-ஆம் ஆண்டு முதல், புதிதாக வடிவமைக்கப்படும் விமானங்களின் இருக்கைகளுக்கு 16 ஜி அதிர்ச்சிச் சோதனையும் சேர்ந்தது.

திசைக்குத் திசை எண் மாறுவதைக் கவனித்தீர்களா? உணவு மேசை முன்னிருக்கையின் முதுகில் இருக்கிறது. விமானம் மோதி நிற்கும்போது மேசை முன்னோக்கித்தான் செல்ல முயலும். அதாவது இருக்கையோடு இன்னும் அழுந்திக்கொள்ளும். அதைப் பிரிக்க முயல்வது பின்னோக்கிய சிறு விசைதான். ஆகவே அந்தத் தாழ் சிறியதாக இருக்கலாம். உணவறையில் வாய்ப்புறம் முன்னோக்கி அமைந்த மாடத்தில் நிற்கும் தள்ளுவண்டியின் கதை வேறு. நிறைய ஏற்றிய வண்டி 100 கி.கி. என்று கொள்வோம். 9 ஜி-யில் அது தாழைத் தள்ளும் விசை 100 × 9 × 9.8 = 8,820 நியூட்டன். ஏறத்தாழ 900 கி.கி. எடையைத் தாழின் மேல் தொங்கவிட்டது போல!

இவையெல்லாம் ஏட்டுக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 1989-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள் இங்கிலாந்தில் கெக்வொர்த் என்னும் ஊருக்கு அருகே ஒரு போயிங் 737-400 விமானம் நெடுஞ்சாலைக் கரையில் மோதியது. அதிலிருந்த 126 பேரில் 47 பேர் இறந்தனர். தலைக்கு மேலிருந்த பொருட்பெட்டிகளில் ஏறத்தாழ எல்லாமே அவற்றைத் தாங்கிய இணைப்புகளிலிருந்து பிய்ந்து, கீழே அமர்ந்திருந்தவர்கள் மீது விழுந்தன. பறக்கும்போது ஓசையின்றித் தலைக்கு மேல் இருக்கும் பெட்டி, மோதும் நொடியில் ஓர் ஆயுதமாகிவிடுகிறது.

முதல் வழி: அச்சின் வழியே தள்ளட்டும்

இனி வழிகளைக் காண்போம். பழைய வீடுகளில் அலமாரிக் கதவு திறந்துகொள்ளாமல் இருக்க, சட்டத்தில் ஒரு சிறு மரத்துண்டை ஒற்றை ஆணியில் அடித்து வைத்திருப்பார்கள். துண்டைக் குறுக்கே திருப்பினால் கதவு நிற்கும். நேரே திருப்பினால் திறக்கும். விமான மேசையின் தாழும், உணவறை மாடத்தின் தாழும் இந்த மரத்துண்டின் வழித்தோன்றல்களே.

இதில் உள்ள நுட்பம் என்ன? கதவு வெளியே வர முயன்றால் அது துண்டை ஆணியின் நீளத்திசையில் தள்ளுகிறது. துண்டு சுழல்வதோ ஆணியைச் சுற்றி. ஒரு விசை சுழல் அச்சுக்கு இணையாக இருந்தால் அந்த அச்சைப் பற்றி அதற்குத் திருப்புத்திறன் இல்லை. 10 நியூட்டனால் தள்ளினாலும் 8,820 நியூட்டனால் தள்ளினாலும் திருப்புத்திறன் சுழியே! துண்டு வளையலாம், ஆணி பிடுங்கிக்கொண்டு வரலாம். ஆனால் தாழ் 'திறந்துகொள்வது' இல்லை. விரல் மட்டும் வேறு திசையில், பக்கவாட்டில் தள்ளுகிறது. அதற்கு ஒரு சில நியூட்டன் போதும்.

இதுதான் தாழ்க் கலையின் அடிப்படை. சுமை வரும் வழி வேறாகவும், விரல் வரும் வழி வேறாகவும் இருக்க வேண்டும்.

இரண்டாம் வழி: சுழல்மையத்தின் ஊடே செல்லட்டும்

எல்லா இடத்திலும் திருகுத் தாழ் பொருந்தாது. பொருட்பெட்டியின் மூடியைச் சாத்தினால் தானே கொளுவிக்கொள்ள வேண்டும். இதற்குக் கொக்கித் தாழ் பயன்படுகிறது. மூடியில் ஒரு சிறு உருளைக்கம்பி. பெட்டியில் ஓர் ஊசியைப் பற்றிச் சுழலும் கொக்கி. மூடும்போது கம்பி கொக்கியை ஒதுக்கிவிட்டு உள்ளே செல்கிறது. ஒரு சுருள்வில் கொக்கியை மீண்டும் இழுத்துக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது.

பெட்டிக்குள் 30 கி.கி. மூட்டைகள் இருக்கின்றன, பக்கவாட்டில் 3 ஜி வருகிறது என்போம். மூடியைத் தள்ளும் விசை ஏறத்தாழ 880 நியூட்டன். எளிமைக்காக 900 என்று கொள்வோம். அந்த விசை முழுவதும் ஒரே கொக்கியின் மேல் விழுகிறது. விசையின் கோடு சுழல்மையத்தை விட்டு 2 மி.மீ. விலகி, கொக்கியைத் திறக்கும் பக்கத்தில் சென்றால் என்ன ஆகும்? திருப்புத்திறன் 900 × 2 = 1,800 நியூட்டன்-மி.மீ. மையத்திலிருந்து 20 மி.மீ. தள்ளி அமைந்த சுருள்வில் 90 நியூட்டன் விசையோடு எதிர்த்தால்தான் கொக்கி நிற்கும். அவ்வளவு வலுவான வில்லை எந்தப் பாட்டி ஒரு விரலால் அமுக்கித் திறப்பார்?

இப்போது கொக்கியின் உட்பரப்பைச் சற்றே வேறு கோணத்தில் வெட்டுங்கள். விசையின் கோடு சரியாக மையத்தின் ஊடே சென்றால் திருப்புத்திறன் சுழி. இன்னும் சற்று மறுபக்கம் விலகினால், சுமை கூடக்கூடக் கொக்கி மேலும் இறுகும்! இனிச் சுருள்வில்லுக்குச் சுமையைத் தாங்கும் வேலையே இல்லை. கொக்கியை அதன் இடத்திற்குக் கொண்டுவந்து வைப்பது மட்டுமே அதன் வேலை. சில நியூட்டன் போதும். விரலும் மகிழ்கிறது, தாழும் நிற்கிறது.

மூன்றாம் வழி: முழங்கால்

வகுப்பில் நேராக நின்றுகொண்டிருக்கும் நண்பனின் முழங்காலுக்குப் பின்னால் இலேசாகத் தட்டும் குறும்பை நீங்கள் செய்திருப்பீர்கள். ஆள் அப்படியே மடங்கி விடுவான். 50 கி.கி. எடையைக் களைப்பின்றித் தாங்கிக்கொண்டிருந்த கால், ஒரு விரல் தட்டலில் ஏன் மடங்கியது?

நேராக நிற்கும்போது உடலின் எடைக்கோடு முழங்கால் மூட்டுக்குச் சற்று முன்னால் செல்கிறது. அந்த எடை மூட்டைப் பின்பக்கமாகத் தள்ளப் பார்க்கிறது. மூட்டு அப்பக்கம் மடங்காது, தசைநார்கள் தடுக்கின்றன. ஆகவே எடை கூடினாலும் கால் இன்னும் உறுதியாகவே நிற்கும். பின்னாலிருந்து தட்டியதும் மூட்டு முன்னே வந்து எடைக்கோட்டைத் தாண்டிவிடுகிறது. அந்த நொடி முதல் அதே எடை காலை மடக்கும் வேலையைச் செய்கிறது.

இரண்டு தண்டுகளை ஒரு மூட்டால் இணைத்து, மூட்டு நடுக்கோட்டைச் சிறிது தாண்டியதும் ஒரு தடுப்பில் முட்டி நிற்கும்படி செய்தால் அதுவே 'நடுக்கோடு தாண்டும் தாழ்'. டிரங்குப் பெட்டியின் மேல் இழுத்து மாட்டும் கொக்கிகளிலும், சில டிபன் கேரியர்களின் பிடியிலும் இதே அமைப்புதான். மூடும்போது முதலில் இறுகி, பிறகு 'டக்' என்று விழுமே, அது மூட்டு நடுக்கோட்டைத் தாண்டிய ஓசை. இந்தத் தாழ் மிகக் கெட்டியானது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: நடுக்கோட்டை உண்மையிலேயே தாண்டியிருக்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சிறியது என்றால் எவ்வளவு சிறியது?

விமானத்தில் ஒவ்வொரு கிராமுக்கும் எரிபொருள் செலவாகிறது. ஒரு மேசைத் தாழில் 50 கிராம் குறைத்தால், 200 இருக்கையுள்ள விமானத்தில் 10 கி.கி. குறையும். அந்த 10 கி.கி. ஒரு பயணத்தில் மட்டும் அல்ல, விமானத்தின் ஆயுள் முழுவதும் மிச்சம். ஆகவே எல்லோரும் தாழைச் சுருக்கவே விரும்புகிறார்கள்.

நல்ல எஃகு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 300 நியூட்டன் வரை குறுக்கே கத்தரிக்கும் விசையைத் தாங்கும் என்று கொள்வோம். 6 மி.மீ. விட்டமுள்ள ஊசியின் குறுக்குப்பரப்பு ஏறத்தாழ 28 ச.மி.மீ. ஆகவே அது 8,400 நியூட்டன் தாங்கும். எழுதும் பென்சிலைவிட மெல்லிய கம்பி ஒரு சிறிய காரைத் தாங்குகிறது! ஆனால் விட்டத்தைப் பாதியாக்கி 3 மி.மீ. செய்தால் தாங்கும் விசையும் பாதியாகும் என்று எண்ணிவிடக் கூடாது. பரப்பு நான்கில் ஒன்றாகிவிடும். 2,100 நியூட்டன்தான் தாங்கும்.

சுருக்குவதில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. மேலே கொக்கியில் 2 மி.மீ. விலகலே முடிவைத் தலைகீழாக மாற்றியதல்லவா? ஒரு பெரிய கோயில் கதவின் தாழில் 0.2 மி.மீ. தேய்மானம் பொருட்டே அல்ல. விமானத் தாழிலோ 2 மி.மீ.-இல் அது பத்தில் ஒரு பங்கு. மேசைத் தாழை ஒரு பயணத்தில் 4 முறை, நாளைக்கு 5 பயணம் என்று திறந்து மூடினால் ஓராண்டில் 7,300 முறை ஆகிறது. பத்தாண்டில் 73,000 முறை. அதனால்தான் ஒரு புதிய தாழை ஆய்வுக்கூடத்தில் ஓர் எந்திரத்தோடு பூட்டி, இரவு பகலாகத் திறந்து மூடித் தேய்த்துப் பார்க்கிறார்கள். தேய்ந்த பிறகும் விசையின் கோடு மையத்தின் சரியான பக்கத்திலேயே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கைப்பிடியையும் மறக்கக் கூடாது. அதற்கும் நிறை உண்டு. அதற்கும் 9 ஜி உண்டு. 40 கிராம் கைப்பிடியை 9 ஜி 3.5 நியூட்டன் விசையால் இழுக்கும். அதன் ஈர்ப்புமையம் சுழல்மையத்திலிருந்து 15 மி.மீ. தள்ளி இருந்தால், ஏறத்தாழ 53 நியூட்டன்-மி.மீ. திருப்புத்திறன் கைப்பிடியைத் தானாகத் திருப்ப முயலும். கண்ணுக்குத் தெரியாத ஒரு விரல் திறப்பது போல! இதைத் தடுக்க, மறுபக்கத்தில் சிறிது நிறையைச் சேர்த்து ஈர்ப்புமையத்தைச் சுழல்மையத்திற்கே கொண்டுவந்துவிடலாம். தராசின் இரு தட்டும் சமமாக இருந்தால் தராசை எவ்வளவு வேகமாக உயர்த்தினாலும் அது சாயாதல்லவா? அதே தத்துவம்தான்.

அடுத்தது அதிர்வு. எந்திரங்களின் இடைவிடாத நடுக்கத்தில் திருகுத் தாழ் மெல்ல மெல்லத் திரும்பிவிடக் கூடும். இதற்கு மருந்து ஒரு சிறு குண்டும் அதன் பின்னால் ஒரு சுருள்வில்லும். தாழ் தன் இடத்திற்கு வந்ததும் குண்டு ஒரு குழியில் விழுகிறது. நீங்கள் கேட்கும் 'டக்' அதுதான். மேலும், மூடிய நிலையில் தாழின் கனமான முனை கீழே தொங்கும்படி வைத்தால், புவியீர்ப்பும் காவலுக்கு நிற்கும்.

திறந்தே தீர வேண்டிய தாழ்கள்

திறக்காமல் இருப்பது மட்டுமே தாழின் கடமை அன்று. சில தாழ்கள் தக்க நேரத்தில் திறக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

விமானக் கழிவறையின் கதவை உள்ளிருந்து தாழிட்டால் விளக்கு பிரகாசமாக எரிவதைக் காணலாம். தாழ் ஒரு மின் இணைப்பையும் சேர்த்து இயக்குகிறது. ஆனால் உள்ளே ஒருவர் மயங்கி விழுந்துவிட்டால்? யாரும் உள்ளே சிக்கிக்கொள்ளாதபடி, அந்தத் தாழை வெளியிலிருந்தும் சிறப்புக் கருவி எதுவும் இன்றித் திறக்க முடிய வேண்டும் என்பது விதி.

தலைக்கு மேல் உயிர்வளி முகமூடிகள் ஒரு சிறு மூடிக்குப் பின்னால் காத்திருக்கின்றன. அறையின் காற்றழுத்தம் குறைந்து, ஏறத்தாழ 14,000 அடி உயரத்தில் உள்ள அழுத்தத்தின் அளவுக்கு வந்துவிட்டால், மின்சாரத்தால் இயங்கும் ஒரு சிறு தாழ் விலகுகிறது. அது மூடியைத் தள்ளித் திறக்க வேண்டியதில்லை. விலகி வழிவிட்டால் போதும். மூடியும் முகமூடியும் தம் எடையாலேயே கீழே விழும். எந்த நிலையிலும் தவறாத ஒரு விசை புவியீர்ப்பு. அதை நம்பி வேலையை ஒப்படைத்திருக்கிறார்கள்.

மூடியது போல் தோன்றிய கதவு

இனி முழங்கால் தாழுக்கு வருவோம். இப்போது நான் சொல்லப்போவது பயணிகள் அறையின் தாழ் அன்று. அதன் தளத்திற்குக் கீழே உள்ள சரக்கறையின் கதவு. அளவு பெரிது; ஆனால் விதி ஒன்றே.

டி.சி.-10 என்னும் மூன்று எந்திர விமானத்தின் பின் சரக்குக் கதவு வெளிப்புறமாகத் திறப்பது. உயரப் பறக்கும்போது அறைக்குள் காற்றழுத்தம் மிகுதி, வெளியே குறைவு. இந்த வேறுபாடு 0.3 வளிமண்டலம் என்றாலும், கதவின் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஏறத்தாழ 30,000 நியூட்டன் விசையால், அதாவது 3 டன் எடையால் வெளியே தள்ளப்படும். ஒரு மின் விசைப்பொறி கொக்கிகளை மாட்டி, இணைப்புத் தண்டுகளை நடுக்கோட்டைத் தாண்டச் செய்ய வேண்டும். தாண்டிவிட்டால் காற்றழுத்தமே கொக்கிகளை இறுக்கிவைக்கும். பிறகு ஊழியர் வெளியே ஒரு கைப்பிடியைச் சாத்துவார். பூட்டு ஊசிகள் உள்ளே செல்லும். கொக்கிகள் சரியாக மாட்டாவிட்டால் ஊசிகள் முட்டிக்கொள்ளும்; கைப்பிடி சாத்தாது. இதுவே திட்டம்.

1972-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் கைப்பிடி எளிதில் சாத்தவில்லை. ஊழியர் முழங்காலால் அழுத்திச் சாத்தினார். உள்ளே இருந்த மெல்லிய தண்டு வளைந்து கொடுத்தது, கைப்பிடி சாத்திக்கொண்டது. விமானியின் எச்சரிக்கை விளக்கும் அணைந்தது. ஆனால் கொக்கிகளின் இணைப்பு நடுக்கோட்டைத் தாண்டவில்லை. விமானம் ஏறத்தாழ 12,000 அடிக்கு ஏறி, கனடாவின் வின்ட்சர் நகருக்கு மேல் பறந்தபோது கதவு பிய்த்துக்கொண்டு போயிற்று. சரக்கறையின் அழுத்தம் சட்டென்று குறையவே, மேலிருந்த பயணிகள் அறையின் காற்று தளத்தைக் கீழே அமுக்கி உடைத்தது. தளத்தின் வழியே சென்ற கட்டுப்பாட்டுக் கம்பிகளில் சில பழுதாயின. விமானி பிரைஸ் மக்கார்மிக் எஞ்சியவற்றைக் கொண்டு விமானத்தை டெட்ராய்ட்டில் இறக்கினார். 67 பேரும் உயிர் பிழைத்தனர்.

பாடம் தெளிவாக இருந்தது. தண்டு வளையாமல் ஒரு தாங்கு தகடு பொருத்த வேண்டும். பூட்டு ஊசி உள்ளே சென்றதைக் கண்ணால் பார்க்கக் கதவில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம் வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஆனால் அது உடனடியாகச் செய்தே ஆக வேண்டிய அரசாணையாக வரவில்லை. துருக்கி நாட்டு நிறுவனத்திற்குச் சென்ற ஒரு டி.சி.-10 விமானத்தில் தகடு பொருத்தப்பட்டதாகப் பதிவேடு சொன்னது, பொருத்தப்பட்டிருக்கவில்லை. 1974-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் பாரிஸின் ஓர்லி நிலையத்தில் அதன் கதவு சாத்தப்பட்டது. கைப்பிடி எதிர்ப்பில்லாமல் சாத்திக்கொண்டது. சாளரத்தின் வழியே யாரும் பார்க்கவில்லை. புறப்பட்ட சிறிது நேரத்தில் கதவு பிய்ந்தது, தளம் உடைந்தது, இம்முறை கட்டுப்பாட்டுக் கம்பிகள் எல்லாம் அறுந்தன. எர்மனோன்வில் காட்டில் விழுந்த அவ்விமானத்தில் 346 பேர் இறந்தனர். ஒருவரும் பிழைக்கவில்லை.

அந்தக் கொக்கிகளின் எஃகு பலவீனமானது அன்று. இணைப்பு நடுக்கோட்டைத் தாண்டாததால், கொக்கி தாங்க வேண்டிய சுமை விசைப்பொறியைப் பிடித்திருந்த மரையாணிகள் மீது விழுந்தது; அவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எல்லாவற்றையும்விடக் கொடியது, மூடாத கதவு 'மூடிவிட்டேன்' என்று சொன்னதுதான். திறந்திருக்கும் கதவை எவரும் பார்த்துவிடுவார்கள். மூடியது போல் தோன்றும் கதவை யார் பார்ப்பார்கள்?

இதன் பிறகு டி.சி.-10 கதவின் பூட்டும் முறை திருத்தப்பட்டது. சரக்கறையின் அழுத்தம் குறைந்தாலும் தளம் உடையாதபடி, மேலும் கீழும் காற்று விரைவாகச் சமமாவதற்குத் திறப்புகள் வைக்கப்பட்டன.

பயணிகள் அறையின் சின்னத் தாழ்களிலும் இந்தப் பாடத்தைக் காணலாம். தாழ் சரியாக மாட்டாவிட்டால் சிவப்பு நிறம் வெளியே தெரியும்படி சிலவற்றைச் செய்கிறார்கள்; தொலைவிலிருந்தே பணிப்பெண் கண்டுகொள்வார். உணவு வண்டியின் மாடத்திற்கு ஒன்றுக்கு இரண்டாகத் தாழ் வைக்கிறார்கள். ஆயிரத்தில் ஒரு முறை ஒரு தாழ் தவறுமானால், தனித்தனியே இயங்கும் இரண்டும் ஒருசேரத் தவறுவது பத்து இலட்சத்தில் ஒரு முறைதான். ஆனால் இரண்டையும் திருப்ப வேண்டியவர் ஒருவரே. அவரே மறந்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. அதனால்தான் தாழிட்ட பிறகும் இன்னொரு முறை கையால் இழுத்துப் பார்க்கிறார்கள்.

செய்து பாருங்கள்

இரண்டு ஐஸ் குச்சிகளை எடுத்து, ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் சிறு துளையிடுங்கள். இரண்டையும் ஒரு முனையில் நூல் முடிச்சால் தளர்வாக இணையுங்கள். இது முழங்கால். முதல் குச்சியின் மறுமுனையை ஒரு தெர்மோகோல் பலகையில் குண்டூசியால் குத்துங்கள். இரண்டாம் குச்சியின் மறுமுனை, இணையாக வைத்த இரண்டு அளவுகோல்களுக்கு இடையே முன்னும் பின்னும் நகரட்டும். குச்சிகளை நேர்கோட்டில் வைத்து, மூட்டு அக்கோட்டிற்கு 2 மி.மீ. கீழே வந்ததும் முட்டி நிற்கும்படி ஒரு குண்டூசியைத் தடுப்பாகக் குத்துங்கள்.

மூட்டைத் தடுப்பில் சாய்த்துவிட்டு, நகரும் முனையை உள்நோக்கித் தள்ளுங்கள். எவ்வளவு தள்ளினாலும் நிற்கும். அடுத்து, மூட்டை 2 மி.மீ. மேலே தூக்கி வைத்துவிட்டு அதே முனையைத் தள்ளுங்கள். உடனே மடங்கிவிடும். குச்சிகள் அவையே, விசையும் அதுவே, மாறியது 4 மி.மீ. மட்டுமே.

மூன்றாவதாக, மூட்டை மீண்டும் தடுப்பில் சாய்த்து, ஒரு கையால் முனையைத் தள்ளிக்கொண்டே, மறு கையின் சுண்டுவிரலால் மூட்டைக் கீழிருந்து மேலே தட்டுங்கள். கை முழுவதும் சேர்ந்து திறக்க முடியாததைச் சுண்டுவிரல் திறந்துவிடும். அது வலிமையால் அன்று, வந்த வழியால்.